மியோகார்ட்: இதயத் தசை

மொரீசியஸில் நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குப் போனவரின் வீட்டில், மறுநாள் முதல் புழங்கும் பிரெஞ்சுச் சொல் ‘மியோகார்ட்’. கிரியோலில் இதயத்துக்கு ‘லெகேர்’ என்கிறோம். பிரெஞ்சுப் பெயரோடு அதன் முன்வரும் ‘லெ’யும் ஒட்டிப்போய் ஒரே சொல்லானது அது. மியோகார்ட் இதயம் முழுவதையும் குறிப்பதில்லை. வெளியுறைக்கும் உள்ளுறைக்கும் நடுவே உள்ள தடித்த தசைச் சுவர்தான் அது.

கிரேக்கத்தில் ‘மூஸ்’ என்றால் எலி, தசை இரண்டும். தோலுக்கடியில் புஜத்தசை ஓடுவது எலி ஓடுவதுபோல் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையாரின் மூஷிகமும் அதே வேர்தான். ‘கார்தியா’ இதயம். வடமொழி ‘ஹ்ருதய’மும் அதற்கு உறவு என்பர்; அதுவே தமிழில் இதயம் ஆனது. தனித்தமிழில் நெஞ்சாங்குலை. ‘குலை நடுங்கியது’ என்பதில் வரும் அதே குலை.

ஆகவே தமிழில் ‘இதயத் தசை’ என்பதே சரி. ‘நெஞ்சுத் தசை’ என்றால் மார்பின் மேல்தசை என்று படும். ‘தன்னிச்சைத் தசை’ என்று சிலர் எழுதுவதும் குழப்பும்: தானே இயங்குவதா, நம் இச்சைப்படி இயங்குவதா? ‘இச்சைக்கு உட்படாத தசை’ என்றால் ஐயமில்லை.

நுண்ணோக்கியில் இதற்குக் கைகால் தசைபோலவே வரிகள் உண்டு. ஆனால் உயிரணுக்கள் குட்டையானவை, கிளைவிட்டவை, பெரும்பாலும் ஒன்றிரண்டு உட்கருவே கொண்டவை. ஒன்றோடொன்று சேருமிடத்தில் இடைத்தட்டுகள் இருக்கின்றன. இழுவிசையில் பிய்ந்துபோகாமல் பிடித்திருப்பவை அவை. மின்தூண்டல் அணுவுக்கு அணு தாவும் நுண்வழிகளும் அவற்றில்தான். அதனால்தான் இதயத்தின் கீழறை முழுவதும் ஒரே உயிரணுபோலச் சுருங்குகிறது. ஒருமுறை தூண்டப்பட்டால் ஏறக்குறைய கால் நொடி அடுத்த தூண்டலை ஏற்காது. கெண்டைக்கால் சதைபோல் இழுத்துப் பிடித்துக்கொண்டால் அறைக்குள் இரத்தம் நிரம்ப நேரமேது?

உடலெங்கும் இரத்தத்தைத் தள்ளும் இடக் கீழறைச் சுவர் ஏறத்தாழ 1 செ.மீ. தடிமன், நுரையீரலுக்கு மட்டும் தள்ளும் வலதில் 3 முதல் 5 மி.மீ. உயிரணுவின் கொள்ளளவில் மூன்றிலொரு பங்கு வரை ஆற்றல் தரும் இழைமணிகளே. ஓயாமல் ஆக்சிஜன் கேட்கும் திசு இது.

மாரடைப்புக்குப் பிரெஞ்சில் வழங்கும் ‘அன்ஃபார்க்டஸ்’ என்பது ‘திணித்து நிரப்பு’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நம் ‘மாரடைப்பு’ காரணத்தைச் சொல்கிறது, குழாய் அடைபட்டது என்று. பேச்சுக்கு அது போதும். மருத்துவக் குறிப்பைத் தமிழாக்கும்போது ‘இதயத் தசை இறப்பு’ என்றே எழுத வேண்டும். இரத்தம் முற்றிலும் நின்றால் 20 முதல் 40 நிமிடத்துக்குள் அணுக்கள் மீளமுடியாதபடி சாகத் தொடங்கும். அவ்விடத்தில் புதுத் தசை வளர்வதில்லை. வடுதான் உண்டாகும், வடு சுருங்கி விரியாது.