நாப் கெடவில்லை, தயவுசெய்து திறக்காதீர்கள்

இந்த வாரமும் ஒரு ஆட்டோபைலட் பேனல் (கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்கான நாப், பட்டன் பெட்டி) சர்வீசுக்கு வந்தது. விமானம் போகும் திசையை வைக்கும் ஹெடிங் நாப்பைத் திருப்பினால் திரையில் எண் மாறவில்லையாம். கொண்டுவந்த தம்பி வீட்டிலேயே திறந்து, நாப்பின் சுழற்சியை உணரும் என்கோடரைச் சூடுபோட்டுப் பிடுங்கியிருக்கிறார். போர்டில் இருந்த செம்புத் தடமும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. பிடுங்கிய என்கோடரை மீட்டரில் வைத்துப் பார்த்தேன். ஜம்மென்று வேலை செய்கிறது. துருவித் துருவிக் கேட்டபிறகுதான் சொன்னார், சிமுலேட்டரில் புதிதாக ஒரு 737 விமான மாடல் போட்டதிலிருந்துதான் இந்தத் தொல்லை என்று.

இதே கதையை எத்தனை தடவைதான் கேட்பது?

"திருப்புகிறேன், எண் நகரவில்லை, அதனால் நாப் போச்சு." இந்தக் கணக்கே தப்பு. நாப்புக்குத் திரையில் இருக்கும் எண்ணைத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு சின்னத் துடிப்பை அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. அதை விண்டோஸ் ஒரு பட்டன் அழுத்தமாக எடுத்துக்கொள்கிறது. சிமுலேட்டர் அதை ‘ஹெடிங்கைக் கூட்டு’ என்ற கட்டளையாக மாற்றுகிறது. கடைசியில் விமானம் அந்தக் கட்டளையை மதிக்க வேண்டும். கூடவே வரும் சாதாரண விமானங்கள் மதிக்கும். காசு கொடுத்து வாங்கும் நுணுக்கமான மாடல்கள் பலவற்றில் ஆட்டோபைலட்டைச் சொந்தமாக எழுதியிருப்பார்கள். பொதுக் கட்டளையை அவை சட்டையே செய்யாது. அவற்றுக்கு மோபிஃபிளைட், ஸ்பாட் நெக்ஸ்ட், எஃப்எஸ்யூஐபிசி போன்ற ஒரு இடைமென்பொருளில் அந்த விமானத்துக்கென்றே உள்ள புரொஃபைலை, அதாவது அமைப்புத் தொகுப்பை, போட வேண்டும். ஸ்க்ரூ டிரைவருக்கு இங்கே வேலையே இல்லை.

ஆகவே முதல் சோதனை இதுதான்: சிமுலேட்டரோடு வரும் செஸ்னா 172-ஐ ஏற்றி அதே நாப்பைத் திருப்புங்கள். அதில் வேலை செய்தால் பேனலில் குறையில்லை. அதிலும் அசையவில்லையா? விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து, வலப்பக்கம் திருப்பும்போது ஒரு பட்டன் எண்ணும் இடப்பக்கம் திருப்பும்போது வேறொன்றும் மின்னுகிறதா என்று பாருங்கள். (சில பேனல்கள் இங்கே தெரியாது. அவற்றோடு வந்த மென்பொருளில் பாருங்கள்.) அங்கும் ஒன்றும் இல்லையென்றால், ஒயரையும் போர்ட்டையும் மாற்றிப் பார்த்தபிறகு, என்னிடம் வாருங்கள்.

இன்னொரு வகை இருக்கிறது. ஆட்டோபைலட்டை ஆன் செய்யும் ஏபி பட்டனை அழுத்தினால் விளக்கு பளிச்சென்று எரிந்து உடனே அணையும். "லூஸ் கான்டாக்ட் சார்" என்பார்கள். பெரும்பாலும் ஒரே பட்டன் இரண்டு இடத்தில் பதிவாகியிருக்கும், சிமுலேட்டரில் ஒன்று, பேனல் மென்பொருளில் ஒன்று. ஒன்று ஆன் செய்யும், மற்றது ஆஃப் செய்யும். ஹெடிங் இரண்டிரண்டாகத் தாவினாலும் முதல் சந்தேகம் இதுதான். ஒரு பக்கம் அழித்துவிடுங்கள்.

அரை மணி நேரம் நன்றாக ஓடி அப்புறம் பேனல் செத்து, ஒயரைப் பிடுங்கிச் செருகினால் உயிர் வருகிறதா? விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது. டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் டிக்கை எடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் நிறுத்துங்கள். யோக் (விமான ஸ்டீயரிங்), பெடல், பேனல் எல்லாவற்றையும் தனி அடாப்டர் இல்லாத ஒரே ஹப்பில் தொங்க விடாதீர்கள்.

கை வைக்காமலே ஆட்டோபைலட் விடுபட்டால் பேனலைத் திட்டாதீர்கள், ஜாய்ஸ்டிக்கைப் பாருங்கள். ஸ்டிக்கின் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் பழசானால் நடுவில் நிற்காமல் துடிக்கும். பைலட் ஸ்டிக்கை இழுக்கிறார் என்று ஏர்பஸ் எடுத்துக்கொள்ளும். நடுவில் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத டெட் ஸோனைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

சில புகார்களில் கோளாறே கிடையாது. உயரத்தைச் சுழற்றி வைத்தாகிவிட்டது, விமானம் ஏறவில்லை. எப்படி ஏறும்? செஸ்னாவில், எப்படி ஏறுவது என்று சொல்லும் விஎஸ் அல்லது எஃப்எல்சி பட்டனைக் கொடுக்க வேண்டும். ஏர்பஸ்ஸில் அந்த நாப்பை இழுக்கவோ அழுத்தவோ வேண்டும். மீனம்பாக்கம் 07 ஓடுதளத்துக்கு ஐஎல்எஸ் என்ற ரேடியோ வழிகாட்டியில் இறங்க வருகிறவர்கள், சிடிஐ என்ற வழிகாட்டி முள்ளை அந்த ரேடியோவுக்கு மாற்றாமல் ஜிபிஎஸ்ஸிலேயே விட்டுவிட்டு, இறங்கும் வழியைப் பிடிக்கும் ஏபிஆர் பட்டன் சரியில்லை என்று பேனலைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

நிஜமாகவே என்கோடர் கெடுவதும் உண்டு, மறுக்கவில்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்காற்றில் ஜன்னலோரம் வைத்த பேனல்களில் அதிகம் பார்க்கிறேன். ஒரே திசையில் திருப்பும்போது எண் முன்னும் பின்னும் குதிக்கும், கிளிக்குகள் விட்டுப்போகும். செஸ்னாவிலும் அப்படித்தான் செய்யும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கான்டாக்ட் கிளீனர் கிடைக்கும். ஒயரைக் கழற்றிவிட்டு, தண்டின் ஓரம் கொஞ்சம் அடித்து, இரண்டு பக்கமும் பலமுறை திருப்பி, நன்றாகக் காய்ந்தபின் செருகுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம். சைக்கிள் செயினுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம், எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டி இரண்டே மாதத்தில் முன்பைவிட மோசமாகும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் கொண்டுவாருங்கள், திறக்காமல். எந்த விமானம், எந்த சிமுலேட்டர், மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் என்றால் 2020-ஆ 2024-ஆ, கடைசியாக எதை அப்டேட் செய்தீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். பேனலோடு வந்த ஒயரையும் மறக்காதீர்கள். பாதிப் பேர் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள், கோளாறு அதில்தான் இருக்கும்.