க்ரீமுக்கு அடங்காத படையா? பிள்ளையின் தெம்பையும் பாருங்கள்

தோலில் அரிப்பு, படை என்று வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கரப்பானோ சொறியோ படர்தாமரையோதான் இருக்கும். அபூர்வமாக ஒரு பிள்ளைக்கு மேலிமை லேசாக வீங்கி நிறம் மாறியிருக்கும். விரல் முட்டிகளின் மேல் சிறுசிறு தடிப்புகள் தெரியும். "அலர்ஜின்னாங்க டாக்டர். மெடிக்கல்ல வாங்கின க்ரீம் போட்டா அடங்குது, விட்டா வந்துடுது" என்பார் அம்மா. அப்போது பிள்ளையைத் தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்வேன். பிறகு, கையை ஊன்றாமல் எழச் சொல்வேன்.

தொடையைப் பிடித்துத்தான் எழ முடிகிறது என்றால், 'ஜுவனைல் டெர்மடோமையோசைட்டிஸ்' இருக்குமோ என்று பார்த்தாக வேண்டும். உடலின் எதிர்ப்பு சக்தியே தோலுக்கும் தசைக்கும் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களைத் தாக்கும் நோய் இது. ஆண்டுக்குப் பத்து லட்சம் குழந்தைகளில் 2 முதல் 4 பேருக்கு வரலாம். ஏழு வயதை ஒட்டி, பெண் பிள்ளைகளுக்குச் சற்று அதிகமாக வருகிறது. தொற்றாது.

பாடப் புத்தகங்களில் இமையின் நிறம் ஊதா என்றிருக்கும். அது வெள்ளைத் தோலுக்குச் சரி. நம் பிள்ளைகளின் மாநிறத்தில் மங்கிய பழுப்பாகவோ சாம்பல் பூத்தோ தெரியும். தூக்கமில்லாத கருவளையம் என்று விட்டுவிடுகிறோம். வளர்ந்த பிள்ளைகளின் கரப்பான் பெரும்பாலும் முழங்கை, முழங்கால் மடிப்புகளின் உட்புறம் வரும். இதுவோ மூட்டுகளின் வெளிப்புறம் வருகிறது. எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் இன்னொரு நோயான லூபஸில் விரல் முட்டிகள் தப்பி, இடைப்பட்ட தோல் சிவக்கும். இதில் முட்டிகளே தடிக்கும்.

தசை பலவீனத்தைப் பிள்ளை வாய்விட்டுச் சொல்லாது. மாடிப்படியில் தூக்கச் சொல்லும், தலை வாரிக்கொள்ளக் கை தூக்காது, பி.டி. வகுப்பில் ஓரமாக உட்காரும். சோம்பேறி என்ற பட்டம்தான் மிச்சம்! பேச்சு மூக்கால் வந்தாலோ, தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற ஈரல் நொதிகள் கூடியிருப்பதைக் கண்டு காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த நொதிகள் தசையிலும் இருக்கின்றன. கூடவே சிபிகே என்ற தசை நொதியையும் ரத்தத்தில் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தாலும் சந்தேகம் தீராவிட்டால் தொடையை எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்போம்.

சிகிச்சைக்கு ஸ்டீராய்டு என்றதும் பெற்றோர் பதறுகிறார்கள். கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் பூசிய க்ரீமில் இருந்ததும் பல நேரம் அதுதான்! ஸ்டீராய்டு வருமுன் இந்நோய் கண்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்துபோனார்கள். இன்று பெரும்பாலோர் பள்ளிக்குத் திரும்பி ஓடியாடுகிறார்கள். சிகிச்சை தாமதமானால் தோலுக்கடியில் சுண்ணாம்புக் கட்டிகள் படியலாம். அவற்றைக் கரைப்பது பெரும்பாடு. வெயில் படாமல் முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனும் வேண்டும், பிசியோதெரபியும் வேண்டும்.

ஸ்டீராய்டை நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. உடன் தரும் மெத்தோட்ரெக்சேட் என்ற, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து வாரத்துக்கு ஒருமுறைதான். தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று மருந்து அட்டையின் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.