இழப்பீடு – சொல் விளக்கம்

வேலை பார்க்கும் இடத்தில் அடிபட்டவருக்கோ, அதில் இறந்தவரின் குடும்பத்துக்கோ முதலாளி சட்டப்படி தரவேண்டிய தொகை இழப்பீடு. பேச்சில் நஷ்டஈடு என்கிறோம். கோர்ட்டுப் பக்கம் போய்வந்தவர்கள் காம்பன்சேஷன் என்பார்கள்.

நஷ்டம் வடமொழி, ஈடு தமிழ். கெடு என்பது கேடு ஆனதுபோல, சுடு என்பது சூடு ஆனதுபோல, இடு என்ற வினை முதல் எழுத்து நீண்டு ஈடு ஆயிற்று. ஒன்றுக்குச் சமமாக, அதன் இடத்தில் வைப்பது என்று பொருள். நகையை ஈடு வைக்கிறோம், விட்ட வேலையை ஈடுகட்டுகிறோம். இழப்பு, ஈடு இரண்டும் சேர்ந்து இழப்பீடு. நஷ்டஈடு என்று எழுதினால் குற்றமில்லை. ஆனால் 1923இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே இழப்பீடு இருந்ததால் மனுவில் அப்படியே எழுதுவது நல்லது.

டெல்டாவில் இதோடு குழம்பிப்போகும் சொல் நிவாரணம். சம்பா மூழ்கினால் நிவாரணம், 2018இல் கஜா புயல் தென்னையைச் சாய்த்தபோதும் நிவாரணம். அரசு பார்த்து அறிவிக்கும், நாம் வரிசையில் நிற்போம். அதே பழக்கத்தில், ரைஸ் மில் பெல்ட்டில் கை போனவரின் வீட்டிலும் “முதலாளி ஏதாவது பார்த்துச் செய்வார்” என்று காத்திருக்கிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இங்கேதான். நிவாரணம் கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. இழப்பீடு முதலாளி தீர்க்கவேண்டிய கடன்.

இந்தக் கடனை முதலில் எழுதிவைத்தது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2009 திருத்தத்தில் தொழிலாளர் என்பது பணியாளர் ஆனது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இப்போது கணக்கில் வரும். ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு வழி தனி, அந்தக் காப்பீட்டிலிருந்தே பெறவேண்டும்.

விபத்து வேலையின்போது, வேலையின் காரணமாக நடந்ததா என்பதுதான் கேள்வி. “நீ கவனமா இருந்திருக்கணும்” என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. குடிபோதை, வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறுவது போன்ற சில விலக்குகள் உண்டு. மரணம், நிரந்தர முழு ஊனம் என்றால் அவையும் எடுபடாது. டிராக்டர், அறுவடை மெஷின் போன்றவற்றை வைத்துச் செய்யும் வயல்வேலையும் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. கான்ட்ராக்டர் கூட்டிவந்த ஆள் என்றாலும், தன் தொழிலுக்கான வேலையை அவரிடம் விட்ட முதலாளியிடம் கேட்கலாம்.

சரி, எவ்வளவு? 40 வயதுக்காரர், மாதச் சம்பளம் 12,000 ரூபாய், கட்டைவிரல் முழுதாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் 60 சதவீதம் 7,200. அதை அந்த வயதுக்குரிய காரணி 184.17ஆல் பெருக்கினால் 13,26,024. கட்டைவிரலுக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவு 30 சதவீதம். ஆக, ஏறத்தாழ 3,97,800 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு தனி. கையில் பத்தாயிரத்தைத் திணித்து, வெள்ளைப் பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் இந்த உரிமை போய்விடாது. அப்படி விட்டுக்கொடுத்து எழுதும் ஒப்பந்தம் செல்லாது. இறந்தவருக்கான தொகையை இதற்கென அரசு நியமித்த அதிகாரியிடம்தான் கட்டவேண்டும். வீட்டில் கொண்டுவந்து கொடுத்தால் இழப்பீடு கொடுத்ததாக ஆகாது.

பெரியாஸ்பத்திரியில் சேர்க்கும்போது எப்படி அடிபட்டது என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். கூட வந்தவர் “வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லு” என்று காதில் சொன்னாலும், மில் பெல்ட்டில் மாட்டியது என்றே சொல்லுங்கள். அந்த ஏ.ஆர். காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு, முதலாளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இழப்பீட்டுக்கான அந்த அதிகாரியிடம் மனுப் போட விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.