டிஃபால்ட்: தவணை தவறியவரும் வாய் திறக்காதவரும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர், தையல் ஆலை வேலையை விட்ட சில வாரங்களில், ஓய்வூதிய நிதியத்தின் கடிதத்தோடு வந்தார். 'டிஃபால்ட்' என்ற சொல்லின் மேல் விரல் வைத்து, "நான் யாருக்கும் பாக்கி வைக்கவில்லையே, தம்பி" என்றார். விரல் நடுங்கியது. அவர் அறிந்த டிஃபால்ட், தவணை கட்டாதவர்களுக்குக் கடைக்காரர் அனுப்பும் கடிதத்தில் வருவது. இந்தக் கடிதம் சொன்னதோ வேறு: எழுதிக் கேட்காதவரை உங்கள் பணம் நிதியத்திலேயே இருக்கும்.

லத்தீனில் 'ஃபாலெரே' என்றால் ஏமாற்றுதல், தவறுதல். பழைய பிரெஞ்சில் குறை, பிழை என்ற பொருளோடு புழங்கி ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. பிரதிவாதி நீதிமன்றத்துக்கு வராமல் போவதும் டிஃபால்ட்தான். அவர் வராவிட்டாலும் தீர்ப்பு உண்டு. பொருள் திரும்பிய இடம் இதுதான் என்பது என் எண்ணம். ஒருவர் பேசாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதற்கும் கணினித் துறை இதே சொல்லை வைத்துக்கொண்டது.

மனிதர்கள் உண்மையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராயும் நடத்தைப் பொருளியல் கையாள்வது இந்தப் பொருளைத்தான். 2017இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் போன்றோர் காட்டியது நமக்கெல்லாம் தெரிந்த பழக்கம்: நாளைக்குப் பார்க்கலாம் என்று படிவத்தை அலமாரியில் வைத்துவிடுகிறோம். ஆகவே படிவம் நிரப்பாதவருக்கு என்ன நேரும் என்று எழுதுகிறவரே பலருடைய முதுமையை முடிவு செய்கிறார். பிரிட்டன் 2012 முதல், வேண்டாம் என்று சொல்லாத தொழிலாளர்களைத் தானாகவே ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்து வருகிறது. தென்னாப்பிரிக்கா 2017இல் கொண்டுவந்த விதிகள், வேலை மாறுகிறவரின் சேமிப்பு கரைந்துபோகாமல் நிதியத்திலேயே நிற்க வழி செய்தன. அக்காவின் கடிதத்தில் இருந்தது அதுதான்.

கடனில் இதே உத்தி கொடுமையாகிவிடும். பதில் வராததைச் சம்மதமாகக் கொண்டு கடனைத் தலையில் கட்டுவதை இந்நாட்டின் 2005ஆம் ஆண்டு தேசியக் கடன் சட்டம் தடுக்கிறது. மௌனம் சம்மதம் என்பது அங்கே செல்லாது. மிக நல்ல சட்டம்.

தமிழில் என்ன சொல்வது? கடனுக்குத் 'தவணை தவறுதல்' போதும். மற்றதற்குக் கணினித் தமிழில் 'இயல்புநிலை', 'முன்னிருப்பு' என்கிறார்கள். எனக்கு இரண்டும் உவப்பில்லை. இயல்பு என்றால் மழைபோலத் தானாக வருவது. 'முன்னமைவு' நெருங்கி வருகிறது. ஆனால் அமைவு தானே அமைவது, அமைப்பு ஒருவர் அமைப்பது. 'முன்னமைப்பு' என்றால்தான் அதை வைத்த கை தெரிகிறது.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் அப்படியே எழுதிக் கொடுத்தேன். அக்கா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "யார் அமைத்தது?" என்று கேட்டார். விதி அரசாங்கத்துடையது, பணத்தை எதில் போடுவது என்பது நிதியத்தின் அறங்காவலர்களுடையது என்றேன். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தைத் திருப்பி, கட்டணம் எவ்வளவு என்று தேடத் தொடங்கினார்.