மோடல் டயலாக் என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்லலாம்?

சேமிக்காத கோப்போடு நிரலை மூடப் போனால் 'சேமிக்கவா, வேண்டாமா' என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். அதற்குப் பதில் சொல்லாமல் பின்னால் இருக்கும் சாளரத்தில் எங்கே சொடுக்கினாலும் ஒன்றும் நடக்காது. இதுதான் மோடல் டயலாக். பலர் 'மாடல்' என்று எழுதிவிடுகிறார்கள். மாதிரி என்று பொருள்படும் மாடல் வேறு, இது வேறு. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றே: அளவு, முறை என்று பொருள் தரும் 'மோடுஸ்' என்ற லத்தீன் சொல்.

அந்த வேரிலிருந்து வந்த 'மோட்' கணினியில் ஒரு தனிப் பொருளைப் பிடித்துக்கொண்டது. ஒரே விசை, நிரல் அப்போது இருக்கும் நிலைக்கு ஏற்ப வேறுவேறு வேலை செய்தால் அங்கே மோட் இருக்கிறது. விஐ என்ற உரை எழுதும் நிரலில் எக்ஸ் விசை ஒரு நிலையில் எழுத்தை இடும், இன்னொரு நிலையில் இருக்கிற எழுத்தையே அழிக்கும். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1970களில் வேலை பார்த்த லாரி டெஸ்லர் இதைக் கடைசிவரை எதிர்த்தவர். தன் காரின் நம்பர் பிளேட்டிலேயே 'நோ மோட்ஸ்' என்று போட்டிருந்தார். மோடல் பெட்டியும் இப்படி ஒரு மோட்தான், அது திறந்திருக்கும் வரை அதற்குப் பின்னால் இருப்பது எதுவும் காது கொடுக்காது.

சரி, தமிழில்? டயலாக் பாக்ஸுக்கு 'உரையாடல் பெட்டி' நன்றாகவே நிலைத்துவிட்டது. சிக்கல் மோடலில்தான். மோட் என்றால் முறைமை, ஆகவே 'முறைமை உரையாடல்' என்று வேர்ப்பொருளைப் பார்த்துப் போடலாம். ஆனால் படிப்பவருக்கு அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று அதில் துளியும் தெரியாது. நான் 'மறிப்பு உரையாடல்' என்று எழுதுகிறேன். வழிமறித்தல், சாலை மறியல் எல்லாம் நாம் அன்றாடம் சொல்வதுதானே, அதே வேலையைத்தான் இந்தப் பெட்டி திரையில் செய்கிறது. நோட்பேடில் சொல் தேடும் பெட்டி திறந்திருக்கும்போதே தட்டெழுத முடியும், அது 'மறிக்காத உரையாடல்'.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதி, யாரை மறிக்கிறது என்பதையும் ஒட்டிச் சொல்லிவிடலாம். ஆப்பிளின் மேக் ஓஎஸ் எக்ஸ் இயங்குதளம் 2001இல் வந்தபோது, சாளரத்தின் தலைப்புப் பட்டையிலிருந்து இறங்கி அந்த ஒரு சாளரத்தை மட்டும் மறிக்கும் 'ஷீட்' வந்தது: அது சாளர மறிப்பு. நிரல் முழுவதையும் நிறுத்தினால் நிரல் மறிப்பு. சாளர நிரல்கள் எழுத உதவும் கியூட்டி (Qt) கருவித்தொகுப்பிலும் இந்த இரண்டு வகையும் உண்டு.

அப்புறம், தாய்ச் சாளரம், சேய்ச் சாளரம் என்ற சொற்களை இங்கே கவனமாகக் கையாள வேண்டும். விண்டோஸில் சேய் என்பது தாயின் எல்லைக்குள்ளேயே வரையப்படுவது, வெளியே நீண்டால் வெட்டுப்பட்டுவிடும். உரையாடல் பெட்டி அப்படி இல்லை, அது வெளியே நகரும், ஆனால் எப்போதும் தான் சார்ந்த சாளரத்துக்கு மேலேயே நிற்கும், அந்தச் சாளரம் அழிந்தால் தானும் அழியும். பெட்டி சார்ந்திருக்கும் அந்தச் சாளரத்துக்கு ஆங்கிலத்திலேயே 'ஓனர்' என்று தனிப் பெயர் இருக்கிறது. தமிழில் 'உரிமைச் சாளரம்' எனலாம். மறிப்பு உரையாடல் திறக்கும்போது விண்டோஸ் முடக்கிவைப்பது இந்த உரிமைச் சாளரத்தைத்தான். மூடும்போது முதலில் அதை உயிர்ப்பித்துவிட்டு, பிறகுதான் பெட்டியை அழிக்க வேண்டும். வரிசை மாறினால் சம்பந்தமே இல்லாத வேறு நிரலின் சாளரம் முன்னால் வந்து நிற்கும்.

பெட்டிக்குள்ளிருந்து இன்னொரு பெட்டி திறந்தால் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பைத்தான் மொழியில் சாளரங்கள் அமைக்க உதவும் டிகிண்டரில் 'கிராப் செட்' என்று சொன்னால்தான் மறிப்பு உண்டாகும், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு சாளரத்துக்குத்தான். இரண்டாவது பெட்டி மறிப்பை எடுத்துக்கொண்டு மூடியதும் அது தானாக முதல் பெட்டிக்குத் திரும்பாது. இரண்டாவது மூடும்வரை 'வெயிட் விண்டோ' போட்டுக் காத்திருந்து, அடுத்த வரியிலேயே முதல் பெட்டிக்கு மறுபடி கிராப் செட் எழுதுங்கள்.