கிராவல், சரளை, வண்டிப்பாதை

கிராவல் என்றதும் தமிழ்நாட்டில் டிப்பர் லாரிதான் நினைவுக்கு வரும். கிராவல் குவாரி, கிராவல் மண், மனையை மேடாக்கக் கொட்டும் செம்மண். இலங்கையில் இதே சொல் கிரவல் என்று சுருங்கி, தார் போடாத ஊர்ச்சாலைக்குக் கிரவல் வீதி என்று பெயராகிவிட்டது. ஆகவே ‘பிரான்சில் கிராவல் பைக்கிங்’ என்று படிக்கிறவர், செம்மண் மேட்டில் மோட்டார் சைக்கிளை ஏற்றி இறக்கும் சாகசம் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. பைக் என்பதும் நமக்கு மோட்டார் வண்டிதானே. அப்படியானால் இதைத் தமிழில் எப்படி எழுதுவது?

உண்மையில் பேசப்படுவது சாதாரண மிதிவண்டிப் பயணம். பந்தய சைக்கிளைப் போலவே கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி இருக்கும். டயர் மட்டும் அகலம், பெரும்பாலும் 38 முதல் 50 மில்லிமீட்டர் வரை. பந்தய சைக்கிளின் 25, 28 மில்லிமீட்டர் டயர் பொடிக்கல்லில் புதையும், கூர்க்கல்லில் இடித்தால் ட்யூப் கிழியும். அகல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து அடித்தால் கல்லின் குலுக்கலை டயரே வாங்கிக்கொள்ளும். அந்த வண்டியில் தாரில்லாத பாதைகளாகப் பார்த்துப் பிடித்து நெடுந்தூரம் போவதுதான் விஷயம்.

இந்தப் பெயரில் இது பரவியது அமெரிக்காவின் நடு மேற்கு மாநிலங்களிலிருந்து. கான்சஸ் மாநிலத்து எம்போரியா ஊரில் 2006-இல் தொடங்கிய 200 மைல் பந்தயம் இன்று ‘அன்பவுண்ட் கிராவல்’ என்ற பெயரில் நடக்கிறது. 2022-இல் இத்தாலியில் இதற்கு முதல் உலக சாம்பியன்ஷிப்பும் நடந்தது. ஆனால் சொல்லின் வேர் பிரெஞ்சு மண்ணில் இருக்கிறது.

ரோமானியர் வருவதற்கு முன் அங்கே வாழ்ந்த கால் (Gaul) மக்களின் கெல்டிய மொழியில் ‘கிராவா’ என்ற சொல் கல்லையும் மணலையும் குறித்ததாக மொழியறிஞர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். பழைய பிரெஞ்சில் அது ‘கிராவ்’ ஆகி, கல் நிறைந்த ஆற்றங்கரையைக் குறித்தது. அதன் சிறுமை வடிவம் ‘கிராவெல்’. இடைக்காலத்தில் ஆங்கிலம் அதைக் கடன் வாங்கிக்கொண்டது. போர்தோ நகரை ஒட்டிய கிராவ் என்ற திராட்சை வட்டாரத்துக்குப் பெயர் வந்தது அங்குள்ள கூழாங்கல் மண்ணால். பாரிஸ் நகரசபைக்கு முன்னால் இருக்கும் திடலின் பழைய பெயர் பிளாஸ் த கிரேவ். சேன் ஆற்றின் கற்கரை அது. வேலை தேடுகிறவர்கள் அங்கே கூடி நிற்பது வழக்கம். பிரெஞ்சில் வேலைநிறுத்தத்துக்கு ‘கிரேவ்’ என்று பெயர் வந்த கதை அதுதான். ‘கிராவெல்’ பிரெஞ்சில் என்ன ஆனது என்கிறீர்களா? சிறுநீரகக் கல்லின் பழைய பெயராகச் சுருங்கிப்போனது, நம்முடைய கல்லடைப்பு. பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மொந்தேய்னைப் படாதபாடு படுத்திய நோய். இன்றைய பிரெஞ்சுக்காரர் சரளைக்கல்லைக் ‘கிராவியே’ என்கிறார். சைக்கிளோட்டத்துக்கு மட்டும் ஆங்கிலத்திடமிருந்து ‘கிராவல்’ என்ற சொல்லைத் திரும்ப வாங்கியிருக்கிறார்.

பெயர்தான் கடன், பழக்கம் பழையது. செந்தெத்தியேன் நகரத்தில் வாழ்ந்த பால் த விவீ (1853-1930) அந்தக் காலத்திலேயே அகல டயர் வேண்டும், கியர் வேண்டும் என்று ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தவர். இன்றைய கிராவல் சைக்கிள்கள் சிலவற்றில் வரும் 650பி என்ற சக்கர அளவும் பிரெஞ்சு சைக்கிள் யாத்திரிகர்கள் வெகுகாலம் பயன்படுத்தியதுதான்.

பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் இந்தப் பாதைகளுக்கு ஊருக்கொரு பெயர் உண்டு. பொதுப்பெயர் ‘ஷெமான்’, அதுவும் கால் மக்களின் மொழியிலிருந்து வந்ததே. சட்டத்தில் ‘ஷெமான் ரூரால்’ என்று ஒரு வகை இருக்கிறது: ஊராட்சிக்குச் சொந்தமானது, பொதுமக்கள் பயன்படுத்துவது, ஆனால் முறையான ஊராட்சிச் சாலையாக வகைப்படுத்தப்படாதது. வயலுக்கும் தோப்புக்கும் போகும் வழி. டிராக்டர் போவதற்குத் தடை கிடையாது. அறுவடைக் காலத்தில் ஓரம் ஒதுங்கத்தான் வேண்டும். ஷாம்பெயின் வட்டாரத்தின் தெற்கே ஓப் மாவட்டத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு ஊடே போகும் சுண்ணாம்புப் பாதைகள் ‘ஷெமான் பிளான்’, வெள்ளைப் பாதைகள். 2024 தூர் த பிரான்ஸ் பந்தயத்தின் ஒன்பதாம் கட்டம் துருவா நகரத்திலிருந்து கிளம்பி இப்படிப்பட்ட 14 துண்டுகளில், மொத்தம் 32 கிலோமீட்டர், புழுதி பறக்க ஓடியது. பிரான்சின் மேற்கு மூலையிலுள்ள பிரித்தானி வட்டாரத்தின் பிரெட்டன் மொழியில் வயல்வழிக்கு ‘ரிபின்’ என்று பெயர். அந்த ரிபின்களை நம்பியே 1984 முதல் அங்கே திரோ புரோ லெயோன் என்ற சைக்கிள் பந்தயம் நடக்கிறது. முதலில் வரும் பிரெட்டன் வீரருக்கு ஒரு பன்றிக்குட்டி பரிசு!

இவற்றில் போக்குவரத்து குறைவு என்றுதான் சொல்லலாம், அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மோட்டார் வண்டி அறவே நுழையக்கூடாத பாதைக்குத் தனிப்பெயர் ‘வுவா வேர்த்’, சொல்லுக்குச் சொல் பசுமை வழி. 2004-இல் ஓர் அரசாணை மூலம் இது பிரெஞ்சுப் போக்குவரத்துச் சட்டத்தில் ஏறியது: இயந்திரமில்லா வண்டிகள், நடப்பவர்கள், குதிரையில் வருபவர்கள், இவர்களுக்கு மட்டும். முதலாவது 1997-இல் பர்கண்டியில் கிவ்ரி, குளூனி ஊர்களுக்கிடையே கைவிடப்பட்ட ரயில்பாதை மேல் திறந்தது. ரயில் போன வழி என்பதால் மேடு மெதுவாகத்தான் ஏறும், முட்டிக்கு நிம்மதி. ஆனால் அது வழவழப்பாகத் தார் போட்ட தடம். அங்கே போய்ச் சரளையைத் தேடினால் ஏமாற்றம்தான். சரளை வேண்டுமென்றால் நாந்த், பிரெஸ்த் நகரங்களை இணைக்கும் கால்வாயின் கரை நல்லது. இங்கிலாந்தின் கடல் முற்றுகைக்குப் பயந்து நெப்போலியன் காலத்தில் வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. படகைக் கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுத்தவர்கள் நடந்த தடத்துக்கு ‘அலாழ்’ என்று பெயர். இப்போது அதில் சைக்கிள் போகிறது. மதகுகளை ஒட்டிய சின்ன ஏற்றங்களைத் தவிர மற்றதெல்லாம் சமதளம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கல்லுக்குச் சொல் பஞ்சமே இல்லை. ஜல்லி என்பது உடைத்த கல், கான்கிரீட்டுக்குப் போவது. கப்பி என்பது சாலை போட இறுக்கும் கல். பரல் அழகான பழஞ்சொல், சங்கப் பாலைப் பாடல்களின் சுரவழியெல்லாம் பரல்தான். ஆனால் இன்று பேச்சில் இல்லை, சிலம்பின் பரல்தான் முதலில் நினைவுக்கு வரும். இயல்பாக உதிர்ந்து கிடக்கும் பொடிக்கல்லுக்கு சரளை என்பதே பொருத்தம், இன்னும் புழக்கத்தில் உள்ள சொல். வண்டியை சரளைச் சைக்கிள் என்றால் போதும். மிதிவண்டி என்று எழுத விரும்புகிறவர் சரளை மிதிவண்டி என்று எழுதட்டும்.

பயணத்துக்கு அந்தச் சொல் போதாது என்பது என் எண்ணம். இதில் போகிறவர் கல்லை ரசிக்கப் போவதில்லை, லாரியின் ஹாரன் கேட்காத வழியில் போக ஆசைப்பட்டுப் போகிறார். அதற்கு நம்மிடம் வண்டிப்பாதை இருக்கிறது. மாட்டுவண்டி வயலுக்குப் போன வழி. நம் வருவாய்த்துறை ஆவணங்களில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இன்றும் தனி வகையாக இருப்பது. ஷெமான் ரூராலுக்கு இதைவிட நெருக்கமான சொல் கிடைக்காது. எனவே ‘வண்டிப்பாதைச் சைக்கிள் பயணம்’ என்று எழுதலாம். வுவா வேர்த் என்பதைப் பசுமைவழி என்று பெயர்க்கத்தான் கை வரும். ஆனால் சென்னையில் பசுமைவழிச் சாலை என்றால் அமைச்சர்கள் குடியிருக்கும் பகுதி, காருக்குக் குறைவில்லை. சேலத்தில் கேட்டால் எட்டுவழிச் சாலையைப் பற்றிப் பேசுவார்கள். அதனால் ‘மோட்டாரில்லாத் தடம்’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது மேல். பந்தயத்தின் பெயரிலேயே கிராவல் வந்தால் மட்டும் அதை அப்படியே விட்டுவிடலாம்.