சர்வரின் நினைவகம் எங்கே போகிறது? லினக்ஸில் கணக்குப் பார்க்கும் முறை

லினக்ஸ் சர்வரில் நினைவகம் போதவில்லை என்ற எச்சரிக்கை வந்ததும் ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாப் கட்டளையைத் திறந்து, நினைவக அளவுப்படி வரிசையாக்கப் பெரிய எம் எழுத்தை அழுத்தி, பட்டியலின் தலையில் நிற்கும் பிராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) நிறுத்திவிடுவது பரவலான வழக்கம். பல நேரங்களில் அடி வாங்குவது தப்பு செய்யாத வேறு யாரோ. டாப் காட்டும் எண் ஒரே நினைவகத்தைப் பலமுறை எண்ணும். சில பெரிய செலவுகளை எண்ணவே எண்ணாது.

அதற்கும் முன்னால், பற்றாக்குறை உண்மைதானா என்று பார்க்க வேண்டும். ஃப்ரீ கட்டளை தரும் அட்டவணையில் ‘ஃப்ரீ’ பத்தி பூஜ்யத்தை நெருங்கியிருப்பது நோயல்ல. சும்மா கிடக்கும் இடத்தில், லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், வட்டிலிருந்து படித்த கோப்புகளை வைத்துக்கொள்கிறது. நிரல்கள் கேட்டால் அதில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்துவிடும். பார்க்க வேண்டியது ‘அவெய்லபிள்’ பத்தி. நினைவகம் போதாதபோது வட்டில் கைகொடுக்கும் ஸ்வாப் இடத்தைத் தொடாமல் புதிய நிரல்களுக்கு எவ்வளவு தரலாம் என்ற கர்னலின் மதிப்பீடு அது. 2014-இல் வந்த கர்னல் 3.14 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. கூடவே விஎம்ஸ்டாட் கட்டளையை ஒரு நொடி இடைவெளியில் ஓடவிட்டு, எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து வருவது), எஸ்ஓ (ஸ்வாப்புக்குப் போவது) என்ற இரு பத்திகளைக் கவனியுங்கள். முதல் வரி சர்வர் துவங்கியதிலிருந்து எடுத்த சராசரி, அதை விட்டுவிடலாம். ஸ்வாப்பில் 2 ஜிபி அசையாமல் கிடந்தால் கவலை இல்லை. இந்த இரு பத்திகளிலும் எண்கள் ஓயாமல் ஓடினால்தான் சர்வர் திணறுகிறது.

திணறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். 32 ஜிபி நினைவகம் கொண்ட சர்வரில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஓடுகிறது. எல்லா இணைப்புகளும் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு பஃபர்ஸ் பகுதிக்கு 8 ஜிபி ஒதுக்கியிருக்கிறார்கள். 300 இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராசஸ். நினைவகத்தைக் கர்னல் ‘பக்கம்’ என்ற சிறு துண்டுகளாகக் கையாள்கிறது. ஒரு பிராசஸ் அந்தப் பகுதியில் தொட்ட பக்கமெல்லாம் அதன் ஆர்எஸ்எஸ் கணக்கில், அதாவது டாப் காட்டும் நினைவக அளவில், ஏறும். நாள்பட ஓடும் இணைப்புகள் முழுப் பகுதியையும் தொட்டுவிட்டால் 300 பிராசஸும் தலா 8 ஜிபி வைத்திருப்பதாகத் தெரியும். கூட்டினால் 2400 ஜிபி! தெருவுக்குப் பொதுவான கிணற்றை வீட்டுக்கு ஒன்றாக எண்ணுவது போன்றது இது.

இதைத் திருத்தவே பிஎஸ்எஸ் என்ற அளவு இருக்கிறது. பகிர்ந்த ஒவ்வொரு பக்கத்தையும் எத்தனை பிராசஸ்கள் வைத்திருக்கின்றனவோ அத்தனையால் வகுத்துச் சேர்க்கும். ப்ராக் கோப்பகத்தில் ஒவ்வொரு பிராசஸ் எண்ணின் கீழும் உள்ள ஸ்மேப்ஸ் ரோல்அப் கோப்பில் இதைப் படிக்கலாம். ஸ்மெம் என்ற கருவி எல்லாவற்றையும் தொகுத்தே தரும். மற்ற பயனர்களின் பிராசஸ்களைப் பார்க்க ரூட் உரிமை வேண்டும். அது இல்லையென்றால் அதே இடத்திலுள்ள ஸ்டேட்டஸ் கோப்பு போதும். அதில் ஆர்எஸ்எஸ் மூன்றாகப் பிரிந்திருக்கும்: அனான் (நிரல் தனக்கென எடுத்தது), ஃபைல் (கோப்புகளிலிருந்து வந்தது), ஷ்மெம் (பகிர்ந்த நினைவகம்). நினைவகக் கசிவைத் தேடுகிறவர் அனான் வரியைத்தான் தொடர வேண்டும். அந்த பிராசஸை நிறுத்தினால் உறுதியாகத் திரும்பி வருவதில் பெரும்பங்கு அதுதான்.

இனி, எந்த பிராசஸின் ஆர்எஸ்எஸ், பிஎஸ்எஸ் கணக்கிலும் வராத செலவுகள். அதே போஸ்ட்கிரெஸ் சர்வரையே பாருங்கள். 8 ஜிபியை 4 கேபி பக்கங்களாகப் பிரித்தால் சுமார் 21 லட்சம் பக்கங்கள். ஒவ்வொன்றுக்கும், அது நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று குறிக்கும் பக்க அட்டவணையில் 8 பைட். அதாவது ஒரு பிராசஸுக்கு 16 எம்பி. இந்த அட்டவணை பகிரப்படுவதில்லை, ஆகவே 300 இணைப்புகளுக்கு 4.7 ஜிபி வரை போகலாம். ஆர்எஸ்எஸ், பிஎஸ்எஸ் இரண்டிலும் இது சேராது. ப்ராக் கோப்பகத்திலுள்ள மெம்இன்ஃபோ கோப்பின் பேஜ்டேபிள்ஸ் வரியில் மொத்தமாகத் தெரியும். இணைப்புகள் கூடக் கூட நினைவகம் கரைகிறது, குற்றவாளியைக் காணோம் என்றால் முதலில் பார்க்க வேண்டிய வரி இது.

2 எம்பி அளவுள்ள பெரிய பக்கங்களுக்கு மாறினால் அந்த 16 எம்பி 32 கேபியாகச் சுருங்கும். அதிலும் ஒரு பொறி உண்டு. ஒதுக்கிய பெரிய பக்கங்கள் போஸ்ட்கிரெஸுக்குக் கொஞ்சம் போதாமல் போனாலும், இயல்பான அமைப்பில் அது சத்தமில்லாமல் சாதாரணப் பக்கங்களுக்கே திரும்பிவிடும். ஒதுக்கியதோ வேறு யாருக்கும் பயன்படாமல் முடங்கும். மெம்இன்ஃபோவில் ஹியூஜ்பேஜஸ் டோட்டலும் ஃப்ரீயும் ஒரே எண்ணாகவும், ரிசர்வ்டு பூஜ்யமாகவும் இருந்தால் நடந்தது அதுதான்.

கோப்புகளை நினைவகத்திலேயே வைக்கும் டிஎம்பிஎஃப்எஸ் கோப்பு முறை இன்னொரு ஒளிவிடம். டெவ் கோப்பகத்தின் ஷ்ம் பகுதியில் எழுதிய கோப்பு, எழுதிய நிரல் முடிந்த பிறகும் நினைவகத்திலேயே தங்கும். ஃப்ரீ கட்டளை அதைக் கேஷ் கணக்கில் சேர்ப்பதால் விடுவிக்கக்கூடியது போலத் தோன்றும். ஆனால் ஸ்வாப்புக்குத் தள்ளலாமே தவிர விட்டுவிட முடியாது. ‘ஷேர்டு’ பத்தி பெரிதாக இருந்தால் டிஎஃப் கட்டளையில் டிஎம்பிஎஃப்எஸ் வரிகளைப் பாருங்கள். கர்னலின் சொந்தச் செலவை ஸ்லாப்டாப் கட்டளை காட்டும்; லட்சக்கணக்கான சிறு கோப்புகளை அலசும் பேக்கப் ஓடிய பின், கோப்புப் பெயர்களை நினைவில் வைக்கும் டென்ட்ரி வரி வீங்கியிருப்பது இயல்பு, அது தேவைப்படும்போது வடியும்.

மெம்இன்ஃபோவின் ஃப்ரீ, பஃபர்ஸ், கேஷ்டு, அனான்பேஜஸ், ஸ்லாப், பேஜ்டேபிள்ஸ், கர்னல்ஸ்டாக், பெரிய பக்கங்கள் ஆகியவற்றைக் கூட்டினால் மொத்தத்தை நெருங்க வேண்டும். சில நூறு எம்பி குறைந்தால் பரவாயில்லை. பல ஜிபி குறைந்தால் இசட்எஃப்எஸ் கோப்பு முறையின் ஏஆர்சி கேஷையோ, மெய்நிகர் கணினியாக இருந்தால் நினைவகத்தை அதை ஓட்டும் கணினிக்குத் திருப்பித் தரும் பலூன் டிரைவரையோ சந்தேகிக்கலாம்.

நினைவகம் தீர்ந்து கர்னலே ஒரு பிராசஸைக் கொன்றிருந்தால், கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவில் அந்த நேரத்துப் பட்டியல் முழுதும் கிடைக்கும். அதில் ஆர்எஸ்எஸ் பத்தி பக்கங்களில் இருக்கிறது, கேபியில் அல்ல, 4-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ‘மெமரி சிகுரூப்’ என்ற சொற்கள் அந்தப் பதிவில் இருந்தால் தீர்ந்தது சர்வரின் நினைவகம் அல்ல, அந்த பிராசஸ் ஓடிய கன்டெய்னருக்கு (தனியே பிரித்து ஓட்டும் பிராசஸ் குழுவுக்கு) விதித்த வரம்பு. அப்போது ஃப்ரீ கட்டளை எவ்வளவு காட்டினாலும் பயனில்லை; அந்தக் குழுவின் மெமரி கரன்ட், மெமரி மேக்ஸ், மெமரி ஸ்டாட் கோப்புகளில்தான் கணக்கைத் துவங்க வேண்டும்.